குழந்தையின் கம்பளிச் சட்டைக்கு வயது என்ன?

பிறக்கப்போகும் குழந்தைக்கு ஸ்வெட்டரும் குல்லாவும் பின்னி வைப்பது குளிர்நாட்டுப் பெண்களின் தொன்றுதொட்ட வழக்கம் என்றுதான் நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். இங்கிலாந்து விட்டுச்சென்ற சான்றுகளைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. அங்கே பின்னல் தொழில் பழையது. தாயும் பாட்டியும் கைக்குழந்தைக்கு மேல்சட்டை பின்னுவது வீட்டுக்கு வீடு பரவியது 19-ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் பின்னல் ஊசி பெரும்பாலும் பிழைப்புக்கான கருவி. எலிசபெத் அரசியின் ஆட்சியில் 1571-இல் ஒரு சட்டம் வந்தது. ஆறு வயதைக் கடந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாள்களிலும் இங்கிலாந்தில் பின்னிய கம்பளித் தொப்பியை அணிய வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 3 ஷில்லிங் 4 பென்ஸ் அபராதம். பிரபுக்களுக்கும் சீமாட்டிகளுக்கும் விலக்கு உண்டு. தொப்பி பின்னி வயிறு வளர்த்தவர்களைக் காப்பாற்றத்தான் அந்தச் சட்டம். 1597-இல் அது நீக்கப்பட்டது. காலுறைத் தொழிலும் இப்படித்தான்; விற்பதற்காகவே குடும்பம் குடும்பமாகப் பின்னினார்கள்.

அந்தக் காலத்துச் சிசுவுக்குக் கைவைத்த கம்பளிச் சட்டை தேவைப்படவும் இல்லை. பிறந்தவுடன் தோளிலிருந்து பாதம் வரை நீளத் துணிப்பட்டைகளால் இறுகச் சுற்றிவிடுவார்கள். சுற்றாவிட்டால் கைகால் கோணிவிடும் என்ற நம்பிக்கை ஐரோப்பா முழுவதும் வேரூன்றியிருந்தது. 1748-இல் வில்லியம் காடகன் என்ற மருத்துவர் குழந்தை வளர்ப்பு பற்றி எழுதிய சிறுநூலில் இந்தக் கட்டுகளைக் கடுமையாக எதிர்த்தார். கைகால் அசைக்க முடியாத உடை குழந்தைக்குக் கேடு என்றார். 1762-இல் தத்துவஞானி ரூசோ தம் 'எமீல்' நூலில் இதையே உரத்துச் சொன்னார். கட்டு அவிழ்ந்த பிறகுதான் குழந்தையின் உடம்போடு நீண்டு சுருங்கும் துணிக்கு வேலை வந்தது. நெய்த துணியில் அந்த நெகிழ்வு கிடையாது, பின்னலில் உண்டு.

எகிப்தில் கிடைத்த காலுறைக்கு என்ன பதில் என்று கேட்கலாம். ஆண்டினூபோலிஸ் நகரின் குப்பைமேட்டிலிருந்து எடுத்து பிரிட்டிஷ் மியூசியத்தில் வைத்திருக்கும் அந்தச் சிறுவர் காலுறை ஏறக்குறைய கி.பி. 300-ஐச் சேர்ந்தது. மூன்றே சாயங்களால் பல வண்ணம் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அது இரண்டு ஊசிகளால் பின்னியதல்ல. ஒற்றை ஊசியில் சிறுசிறு நூல் துண்டுகளைக் கோத்து முடிந்த வேறொரு முறை. இன்னும் வலுவான சான்று லண்டனிலேயே இருக்கிறது: 16-ஆம் நூற்றாண்டில் கம்பளியில் பின்னிய சிசுவின் உள்சட்டை. ஆகவே யாருமே பின்னவில்லை என்று நான் சொல்லவில்லை. பரவலான வழக்கமாக இருந்ததா என்பதே என் கேள்வி. கம்பளி மக்கிப்போகும், பூச்சி அரிக்கும், எளியவர் உடுப்பு மிஞ்சாது என்ற மறுப்பும் நியாயமானதே. ஆனால் இந்த விஷயத்தில் எளியவர்களின் சான்று அதிசயமாக எஞ்சியிருக்கிறது. 1741-இல் லண்டனில் குழந்தைகளை ஏற்கத் தொடங்கிய ஃபவுண்ட்லிங் காப்பகம், தாய்மார் விட்டுச்சென்ற ஒவ்வொரு சிசுவுக்கும் ஒரு தாள் எழுதியது. என்ன உடுத்தியிருந்தது என்று குறிக்கத் தொப்பி, நெற்றித்துணி, மார்புத்துணி, பாவாடை, சுற்றுப்பட்டை, போர்வை, காலுறை என்று நீண்ட பட்டியலை அதில் அச்சிட்டிருந்தார்கள். பிற்காலத்தில் அடையாளம் காண வேண்டுமே என்று உடையிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் குண்டூசியால் குத்தியும் வைத்தார்கள். 1760 வரை வந்த குழந்தைகள் 16,000-க்கும் மேல். இன்று எஞ்சியுள்ள துணித்துண்டுகள் சுமார் 5,000. பெரும்பாலும் நெய்த பருத்தி, லினன், கம்பளித் துணி, ரிப்பன். அந்த அச்சுப் பட்டியலில் பின்னல் மேல்சட்டைக்கென ஓர் இடமே இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் அது இருந்திருந்தால், உடுப்பை இத்தனை நுணுக்கமாகப் பிரித்தவர்கள் அதை விட்டிருப்பார்களா?

19-ஆம் நூற்றாண்டில் மாற்றம் வந்தது நூலோடும் அச்சோடும். மெரினோ ஆட்டு ரோமத்தில் ஆலைகள் நூற்ற மிருதுவான, சாயமேற்றிய நூல் கடைக்கு வந்தது. சிசுவின் தோலை உறுத்தாத கம்பளி அப்போதுதான் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டியது. கூடவே வழிகாட்டிப் புத்தகங்களும் வந்தன. எடின்பரோவில் நூல்கடை நடத்திய ஜேன் காகெயின் 1840-இல் தம் பின்னல் புத்தகத்தை வெளியிட்டார். மூன்றே ஆண்டுகளில் மிஸ் லாம்பர்ட் என்பவரின் பின்னல் புத்தகமும் வந்தது. இத்தனை கண்ணி போடு, இத்தனாவது வரியில் குறை என்று எழுத்தில் வந்த பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இல்லாதவளும் குல்லா பின்னலாம். நூல் விற்பவரே புத்தகமும் விற்றார் என்பதை மறக்கக் கூடாது. இந்தப் பாசத்துக்குப் பின்னால் ஒரு சந்தையும் இருந்தது.

அப்படியானால் இது வசதியுள்ள பெண்களின் பொழுதுபோக்குதானே என்ற மறுப்பு எழும். ஓரளவு உண்மை, ஆனால் அந்தச் சித்திரத்தில் ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்துத் தீவுப் பெண்கள் விடுபட்டுப்போகிறார்கள். மோதிரத்துக்குள் நுழைத்து எடுக்கக்கூடிய மெல்லிய சால்வைகளை அவர்கள் நூற்றுப் பின்னினார்கள். ஞானஸ்நானத்தன்று வசதியான வீட்டுக் குழந்தைகளைப் போர்த்தியவை அத்தகைய சால்வைகள். முதுகில் கூடை நிறைய பீட் என்ற சதுப்புநிலக் கரி சுமந்து நடக்கும்போதும் அவர்கள் கை பின்னிக்கொண்டே இருந்தது. கூலியாக வியாபாரிகள் பெரும்பாலும் பணம் தரவில்லை; தேயிலையும் துணியும் தந்தார்கள். வீட்டில் மாவு இல்லாதவள் அந்தத் தேயிலையைக் கொண்டுபோய் மாவுக்கு மாற்றினாள். 1872-இல் இந்தக் கூலிமுறை பற்றிய அரசு விசாரணையில் ஷெட்லாந்துப் பெண்கள் சாட்சி சொன்னது அச்சில் இருக்கிறது. குழந்தைக் கம்பளியின் வரலாற்றில் மிக முக்கியமான ஆவணம் அதுதான் என்பேன். பின்னியவர்களின் குரல் அவ்வளவு நேரடியாக வேறெங்கும் கேட்பது அரிது.

இரண்டாம் உலகப்போர் இந்த வேலையை எல்லா வர்க்கத்துக்கும் பொதுவாக்கியது. 1941 ஜூனில் பிரிட்டனில் உடைக்குப் பங்கீடு வந்தது. முதலாண்டில் பெரியவர் ஒருவருக்கு 66 கூப்பன். கர்ப்பிணிகளுக்குக் கூடுதல் கூப்பன் தந்தும் போதவில்லை. பெரியவர்களின் பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, நூலை அலசி நேராக்கி, சிசுவுக்குப் பின்னினார்கள். சின்ன உடம்புக்குக் கொஞ்சம் நூலும் சில மாலைப்பொழுதும் போதும். இயந்திரம் மற்ற உடைகளையெல்லாம் பறித்துக்கொண்ட பின்னும் குழந்தை ஸ்வெட்டர் கையில் தங்கியதற்கு இதுவே பெரிய காரணம். பாசம் மட்டும் போதுமென்றால் பெரியவர்களுக்கும் இன்றுவரை எல்லோரும் பின்னிக்கொண்டிருப்பார்கள்.

ஃபவுண்ட்லிங் காப்பகத்தில் யாரோ ஒரு குமாஸ்தா துணியைத் தாளோடு சேர்த்துக் குத்தியதால்தான் லண்டன் ஏழைக் குழந்தைகளின் உடுப்பைப் பற்றி இன்று பேச முடிகிறது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ, லண்டனிலோ டொராண்டோவிலோ, உங்கள் வீட்டுப் பெட்டியில் கையால் பின்னிய குழந்தைச் சட்டை ஒன்று கிடந்தால், பின்னியவர் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்துத் தைத்து வையுங்கள்.