மதுரைக் குன்றுகளும் மக்கள் நடையும்

மதுரை என்ற பெயரைச் சொன்னதும் நான்கு கோபுரங்களும் திருமலை நாயக்கர் மகாலும் நம் கண்முன் தோன்றுகின்றன. ஆயின் இந்நகரின் பழமைக்கு மிகத் தொன்மையான எழுத்துச் சான்று கோபுரத்திலும் இல்லை, மகாலிலும் இல்லை. நகரைச் சூழ்ந்த சமவெளியில், வயலுக்கும் கண்மாய்க்கும் நடுவே திடுமென எழுந்து நிற்கும் மொட்டைப் பாறைக் குன்றுகளில்தான் அது இருக்கிறது.

அழகர்மலைக் குகையை எடுத்துக் கொள்வோம். அங்குள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் ஏறத்தாழ கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பர். துறவிகளுக்குக் கொடை அளித்தோராக அவற்றில் இடம் பெற்றிருப்போர் யாவர் தெரியுமா? மதிரையைச் சேர்ந்த பொற்கொல்லன் ஒருவன். உப்பு வணிகன், பணித வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன். பணிதம் என்பது வெல்லப்பாகு. அறுவை என்பது துணி. மன்னர் பெயரைத் தேடிச் சென்ற நமக்குக் கடைத்தெருவே எதிர்ப்படுகிறது! வணிகத்தையே வாழ்வாகக் கொண்ட நம் சமுதாயத்தார் அக்குகை வாயிலில் நின்றால், அந்நியர் எவரையோ காண்பதாக எண்ண மாட்டார்கள்.

மாங்குளம் எனப்படும் மீனாட்சிபுரத்துக் கல்வெட்டுகள் இவற்றினும் பழமையானவை. நெடுஞ்செழியன் காலத்தில், அவனுடைய பணியாளன் கடலன் வழுதி, கணி நந்தன் என்னும் துறவிக்குப் பள்ளி அமைத்துக் கொடுத்த செய்தியை அவை கூறுகின்றன. வெள்ளறை நிகமத்தார், அதாவது அவ்வூர் வணிகக் குழுவினர், தந்த கொடையும் அங்கே உண்டு. 1882ஆம் ஆண்டில் இராபர்ட் சீவெல் இவற்றைக் கண்டறிந்தார். ஆயினும் இவை தமிழே என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டியது 1924ஆம் ஆண்டில்தான். பின்னர் 1960களில் ஐராவதம் மகாதேவன் மீண்டும் அக்குன்றுகளில் ஏறி வரி வரியாகப் படித்த பின்னரே நெடுஞ்செழியன் பெயர் உலகறிந்தது. கண்ணெதிரே கிடந்த தாய்மொழியைத் தாய்மொழி என்று அறிந்து கொள்ள நாற்பதாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. அதற்குள் எவரேனும் அப்பாறையை உடைத்திருந்தால் நாம் இழந்தது இன்னதென்றுகூட அறிந்திருக்க மாட்டோம்.

இவ்வச்சம் வீண் அச்சமன்று. மதுரைக்குக் கிழக்கே ஒத்தக்கடை அருகில் யானை படுத்திருப்பது போன்ற தோற்றத்துடன் யானைமலை விளங்குகிறது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி கி.பி. 770இல் குடைவித்த நரசிங்கப் பெருமாள் குகைக் கோயிலும், சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களும் அதில் உள்ளன. 2010ஆம் ஆண்டில் இம்மலையைச் சிற்ப நகரம் ஆக்கும் திட்டமொன்று எழுந்தது. சுற்றுப்புற ஊர் மக்கள் ஒன்று கூடி எதிர்த்தனர், திட்டம் கைவிடப்பட்டது. மலை தப்பியது ஒரு செய்தி. அந்தப் போராட்டத்தின் அருகே முளைத்த மற்றொன்றே நாம் இங்குச் சொல்ல வந்தது.

எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் அவ்வாண்டில் தொடங்கிய ‘பசுமை நடை’ என்னும் முயற்சி அது. மாதம் ஒரு ஞாயிறு, விடியற்காலையில் மக்கள் கூடி ஏதேனும் ஒரு குன்றுக்கோ பழைய ஊருக்கோ நடந்து செல்வர். தொல்லியல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற சொ. சாந்தலிங்கம் போன்ற அறிஞர் அங்கேயே பாறையைக் காட்டி விளக்குவர். 2013இல் நடந்த இருபத்தைந்தாம் நடையை, கீழக்குயில்குடி ஆலமரத்தடியில் ‘விருட்சத் திருவிழா’ என்னும் பெயரில் கொண்டாடினர்.

அந்த ஆலமரத்தடிக்கு நாமும் ஒரு ஞாயிறன்று சென்றிருந்தோம். தாமரைக் குளம், கருப்பசாமி கோயில், அதன் பின்னே சமணர் மலை. படியேறிப் பேச்சிப்பள்ளத்தை அடைந்தால், பாறையில் வரிசையாகப் புடைத்து நிற்கும் எட்டுத் திருவுருவங்களையும் அவற்றின் கீழ் வட்டெழுத்தையும் காணலாம். எம்முடன் வந்த பெரியவர் ஒருவர், அவ்வூர்க்காரர், அறுபதாண்டுகளாக ஆடு மேய்த்த இடம் இதுவென்றார். அதுகாறும் அவ்வெழுத்தைப் பாறையில் விழுந்த கீறல் என்றே எண்ணியிருந்தாராம். அன்று அதைப் படித்துக் காட்டியதும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

அறிஞர் நூல் எழுதுவதாலும் அரசு பலகை நடுவதாலும் வராத காவல் இப்படித்தான் வருகிறது. சட்டம் பயனற்றது என்று நாம் கூறவில்லை. மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குள் கட்டடமோ கல்குழியோ கூடாதென்று 2010ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் விதிக்கிறது. ஆனால் சட்டத்தின் கண்ணுக்குக் கல்வெட்டுத்தான் தெரியும், குன்று தெரியாது. கீழவளவு சென்று பார்த்தோர் இதனை உணர்வர். கற்படுக்கைகள் உள்ள பாறை நிற்கிறது. அக்கம்பக்கத்துக் குன்றுகள் கிரானைட்டுக்காக அறுக்கப்பட்டுப் பெரும் பள்ளங்களாகிக் கிடக்கின்றன. 2012இல் மாவட்ட ஆட்சியராயிருந்த உ. சகாயம் அரசுக்கு எழுதிய அறிக்கையும், பின்னர் உயர் நீதிமன்றம் 2014இல் அவரையே சட்ட ஆணையராக அமர்த்தியதும் நாடறிந்தவை.

குன்று போனால் கல்வெட்டு மட்டுமா போகும்? பாறையில் பெய்யும் மழை நிலத்தில் பெய்யும் மழை போன்றதன்று. அது ஊறாமல் முழுவதும் வழிந்து ஓடைக்கு வந்து கண்மாயை நிரப்புகிறது. ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்து அடுத்ததற்குச் செல்கிறது. கல் உடைத்த கழிவு அந்த ஓடையில் குவிந்தால் கீழுள்ள ஊர்கள் அத்தனையும் வறண்டு போகும். குகையில் வாழ்ந்த துறவிகளுக்கு இந்நீரோட்டம் நன்கு தெரிந்திருந்தது. மழைநீர் உள்ளே வாராதபடி குகை நெற்றியில் நீளக் காடி வெட்டினர். அக்காடியை ஒட்டியே பெரும்பாலும் கல்வெட்டும் பொறித்தனர்.

மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியில் இவ்வுண்மை வெளிப்படக் கண்டோம். குடைவரைக் கோயில், தமிழ் பிராமி எழுத்து, தீர்த்தங்கரர் சிற்பம், ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 ஊற்றுகள், ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் யாவும் ஒருங்கே அமைந்த இடமது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் ஏறத்தாழ 193 ஹெக்டேர் நிலத்தைத் தமிழக அரசு பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் இதுவே முதலாவது. ஈராண்டு கழிவதற்குள், 2024 நவம்பரில், இந்த ஊர்களையும் உள்ளடக்கிய இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்ததாகச் செய்தி வந்தது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9ஆம் நாள் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7ஆம் நாள் மேலூர் வட்டாரத்தார் ஆயிரக்கணக்கில் மதுரை நோக்கித் திரண்டு வந்தனர். அதே மாதம் 23ஆம் நாள் மத்திய அரசு ஏலத்தை இரத்து செய்தது. எங்கள் ஊரில் இன்ன எழுத்து இருக்கிறது, இன்ன பறவை கூடு கட்டுகிறது என்று உழவர்களே பெயர் சொல்லிப் பேசியதை அந்நாட்களில் கேட்டோம். அவ்வாறு பேசுவதற்குப் பல்லாண்டுக் கால நடையும் பேச்சும் உதவியிருக்கின்றன என்பது எமது கருத்து.

இனி நம் வீட்டுக் கணக்கையும் சற்றுப் பார்ப்போம். பதினான்காம் நூற்றாண்டில் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் மதுரையில் சுல்தான்களின் ஆட்சி நடந்தது. கியாதுத்தீன் தாமகானி காலத்தில் இப்னு பதூதா இங்கு வந்து, நகரைப் பீடித்த கொள்ளை நோயையும் எழுதி வைத்தார். கோரிப்பாளையம் தர்காவின் பெருங்குவிமாடம் அழகர்மலைக் கல் ஒன்றினால் ஆனதென மக்கள் சொல்லி வருகின்றனர். திருப்பரங்குன்றத்தின் ஒரே குன்றில் சமணக் கற்படுக்கையும், முருகன் குடைவரையும், உச்சியில் சிக்கந்தர் தர்காவும் உள்ளன. (அக்குன்றைப் பற்றிய வழக்குகளுக்குள் நாம் இங்குப் புகவில்லை.) இக்கட்டடங்களை அளந்து படம் வரைந்து ஆராய்ந்தவர் யார்? மெஹர்தாத் ஷோகூஹி என்னும் அயல்நாட்டறிஞர். தென்னிந்திய முஸ்லிம் கட்டடக் கலை பற்றிய அவரது ஆங்கில நூல் 2003இல் வெளிவந்தது. நம்மவர் எவரும் அதற்குமுன் நூல் கொண்டு அளக்கவில்லையே என்று எண்ணும்போது நாணம் உண்டாகிறது.

அளக்காதது ஒருபுறம் இருக்கட்டும், அழிக்காமலாவது இருக்கிறோமா? மதுரைச் சமவெளியில் ஒரு சிற்றூர்ப் பள்ளிவாசல்; பெயர் வேண்டாம். நாம் இளமையில் தொழுத இடம். பூமொட்டுப் போதிகையுடன் கூடிய கருங்கல் தூண்கள் அங்கு இருந்தன. ஹவுலின் அருகே எழுத்துப் பொறித்த கல்லொன்றும் பதித்திருந்தது. அதன்மேல் கால் வைத்துத்தான் உளூச் செய்வோம். பல ஆண்டு கழித்துச் சென்றபோது தூண்களுக்கு மேல் பளிங்கு ஒட்டியிருந்தனர். கல்லைக் காணோம். “புது டைல்ஸ் போட்டோம் அத்தா, கீழேதான் கிடக்கும்” என்றார் அங்கிருந்த இளைஞர். குற்றம் அவருடையதன்று. கல்லில் இருந்தது என்ன எழுத்து என்று அவருக்குச் சொல்லும் நிலையில் நாமும் இல்லை. தமிழா, அரபா என்பதுகூட நினைவில் இல்லை. மிதித்தோமேயன்றிக் குனிந்து பார்த்ததில்லை.

அக்கல்லின் மசிப்படியோ நிழற்படமோ எவரிடமேனும் இருக்குமா என்று பழைய ஜமாஅத்தார் இல்லங்களில் விசாரித்து வருகிறோம். ஒரு வீட்டில் திருமணப் படமொன்று கிடைத்தது. மாப்பிள்ளைக்குப் பின்னால் ஹவுல் தெரிகிறது. கல் இருந்த இடத்தில் ஒரு சிறுவன் நிற்கிறான்.