துவக்கை வைத்துவிட்டு எண்ணத் தொடங்கியவர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் நத்தார் நாளுக்கென்று ஒரு விளையாட்டு இருந்தது. ஆக்கள் அணிகளாகப் பிரிந்து, துவக்கோடு வெளிக்கிடுவார்கள். கண்ணில் பட்ட குருவி, அணில், முயல் எல்லாவற்றையும் சுடுவார்கள். பொழுதுபட்டதும் கொண்டுவந்து குவிப்பார்கள். குவியல் எந்த அணிக்குப் பெரிதோ அந்த அணிக்கு வெற்றி. இதற்கு 'சைட் ஹண்ட்' என்று பெயர். இறைச்சிக்காகக்கூட இல்லை, சும்மா வெல்வதற்காக.

1900 இல் பிராங்க் சப்மன் என்ற பறவையியலாளர், தான் நடத்திய 'பேர்ட் லோர்' சஞ்சிகையில் ஒரு மாற்று யோசனை சொன்னார்: இந்த நத்தாருக்குச் சுடாமல் எண்ணிப் பாருங்கள். அந்த வருடம் 27 பேர், 25 இடங்களில் எண்ணினார்கள். சப்மன் கெட்டிக்காரன். "உங்கள் விளையாட்டு பாவம்" என்று யாருக்கும் பிரசங்கம் வைக்கவில்லை. நத்தாரையும் எண்ணிக்கையையும் வெளியில் சுற்றும் சந்தோசத்தையும் அப்படியே விட்டுவிட்டு, துவக்கை மட்டும் வாங்கி வைத்துவிட்டார். நத்தார் பறவைக் கணக்கெடுப்பு இன்றுவரை நடக்கிறது.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். நத்தார் கணக்கெடுப்பில் ஒவ்வொரு பறவையும் எண்ணப்படும். நாற்பது வாத்து என்றால் நாற்பது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இன்னொரு பழக்கமும் வளர்ந்தது: ஒரே நாளில் எத்தனை 'இனம்' பார்க்கலாம் என்ற ஓட்டம். இதைப் 'பிக் டே' என்றார்கள். இங்கே ஒரு வாத்தும் ஒன்று, நாற்பது வாத்தும் ஒன்று. லட்லோ கிரிஸ்கம் போன்றவர்கள் பறவையைச் சுட்டுக் கையில் எடுக்காமலே பைனாகுலரால் பார்த்து இன்ன இனம் என்று சொல்லலாம் என நிறுவிய காலம் அது. 1934 இல் ரோஜர் டொரி பீற்றர்சனின் கள வழிகாட்டி நூல் வெளிவந்த பிறகு, அந்த வித்தை சாதாரண சனத்தின் கைக்கும் வந்தது. இனிப் பட்டியல் போட ஒரு கொப்பியும் பென்சிலும் போதும்.

இந்த ஓட்டத்தில் காசு எப்படி வந்து சேர்ந்தது? கனடாவின் ஒன்ராறியோவில், ஈரி ஏரிக்குள் நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும் மணல்திட்டு லோங் பொயின்ற். ரொறன்ரோவில் இருக்கும் உங்கட சொந்தக்காரர் காரில் ஒரு நாளில் போய்வரக்கூடிய தூரம். 1960 இல் அங்கே ஒரு பறவை அவதான நிலையம் தொடங்கப்பட்டது. இப்படியான நிலையங்களுக்கு எப்போதும் ஒரே பிரச்சினைதான், காசு. 1976 இல் அவர்கள் 'பேர்டதொன்' என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். எங்கட பள்ளிக்கூடங்கள் கட்டட நிதிக்கு நடைபவனி வைக்கிறது தெரியும்தானே, கிட்டத்தட்ட அதே மாதிரி. நான் பார்க்கும் ஒவ்வொரு இனத்துக்கும் நீங்கள் 10 சதம் தருவதாக ஒப்புக்கொள்கிறீர்கள். நான் 150 இனம் பார்த்தால் நீங்கள் 15 டொலர் தரவேண்டும். ஒருவரிடம் 15 டொலர் என்பது பெரிய காசில்லை. நூறு பேரிடம் வாங்கினால் கதை வேறு. இனத்துக்கு இவ்வளவு என்று இருப்பதால், காசு தருபவரும் அந்த நாள் முழுக்க மனதால் உங்களோடு ஓடுவார்.

இதை அணிகளின் போட்டியாக மாற்றியது நியூ ஜேர்சி. அந்த மாநிலத்தின் தென்முனையான கேப் மே, வலசை போகும் பறவைகள் வந்து குவியும் இடம். அங்கிருந்த பறவை அவதான நிலையத்தின் பீற் டன், 1984 மே மாதம் 'வேர்ல்ட் சீரிஸ் ஒஃப் பேர்டிங்' என்ற போட்டியை ஆரம்பித்தார். பேஸ்போலிலிருந்து களவெடுத்த பெயர். நாங்கள் எதற்கும் 'பிக் மட்ச்' என்று பெயர் வைப்பது போலத்தான். விதி சுலபம்: நள்ளிரவு தொடக்கம் அடுத்த நள்ளிரவு வரை, மாநில எல்லைக்குள், எத்தனை இனம் பார்க்கிறீர்கள் அல்லது கேட்கிறீர்கள். சதுப்பு நிலத்தில் இருட்டுக்குள் நின்று ஆந்தைக்கும் நீர்க்கோழிக்கும் காது கொடுப்பதில் தொடங்கும். விடியும்போது வடக்கு மலைக்காடுகள். பிறகு ஏறத்தாழ 270 கிலோமீற்றர் நீளமான மாநிலத்தைத் தெற்கு நோக்கி ஓடிக் கடக்கவேண்டும், கடைசியில் கேப் மேயின் உப்புச் சதுப்புகள். விசர் வேலைதான். ஆனால் அந்த முதல் வருடம் வென்ற அணியைப் பாருங்கள். 201 இனம். டன்னோடு ஒரே அணியில் 75 வயதுப் பீற்றர்சனும், 22 வயது டேவிட் சிப்லியும். 1934 இன் வழிகாட்டியை எழுதியவரும், 2000 இல் அடுத்த தலைமுறைக்கான வழிகாட்டியை எழுதப் போகிறவரும் சேர்ந்து ஒரு நாள் முழுக்க நித்திரை இல்லாமல் குருவி தேடியிருக்கிறார்கள்.

நடத்துபவர்களின் கணக்குப்படி, அந்தப் போட்டி மூலம் இதுவரை 80 இலட்சம் டொலருக்கு மேல் பறவைப் பாதுகாப்புக்குச் சேர்ந்திருக்கிறது. பைனாகுலர் கொம்பனிகள் அணிகளுக்கு அனுசரணை கொடுத்தன. ஒவ்வொரு அணியும் தான் விரும்பும் அமைப்புக்கோ வேலைக்கோ காசு சேர்க்கலாம். கோர்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகத்தின் 'சப்சக்கர்ஸ்' அணி இதில் வளர்ந்துதான், பின்னர் ரெக்சாஸ் போய் 2013 இல் ஒரே நாளில் 294 இனம் பார்த்தது.

இதில் எனக்குப் பிடித்தது பரிசுக்கோப்பை இல்லை. இரவு இரண்டு மணிக்கு ஒரு சதுப்பில் நீங்கள் கேட்ட குரலுக்கு யார் சாட்சி? ஒருத்தரும் இல்லை. ஆனால் அந்தக் குரலுக்கு எங்கேயோ ஒருவர் காசு கொடுக்கப் போகிறார். அமெரிக்கப் பறவை பார்ப்போர் சங்கத்தின் பிக் டே விதி, பட்டியலில் 95 வீதமான இனங்களை அணியின் எல்லோருமே பார்த்தோ கேட்டோ இருக்கவேண்டும் என்கிறது. விதி அவ்வளவுதான் காவல் காக்கும். மிச்சமெல்லாம் நாணயம். பட்டியலில் நம்பிக்கை போனால் காசும் போய்விடும் என்பது எல்லா அணிக்கும் தெரியும்.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு பொத்தல் இருக்கிறது. அதைக் கேப் மேக்குப் பக்கத்துக் கடற்கரையே காட்டித் தந்தது.

ரெட் நொட் என்றொரு சின்னக் கரைப்பறவை. தென்னமெரிக்காவின் அடிநுனியிலிருந்து கனடாவின் ஆர்க்டிக் வரை பறக்கும். வழியில், மே மாதத்தில், டெலவெயர் குடாவில் இறங்கி, குதிரைலாட நண்டுகள் மணலில் இடும் முட்டையைத் தின்று தன் எடையை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கும். 1980களில் அங்கே 90,000க்கு மேல் எண்ணப்பட்டன. 1990களில் விலாங்கும் சங்கும் பிடிக்க இரைவேண்டி அந்த நண்டுகளை லொறி லொறியாக அள்ளினார்கள். முட்டை குறைந்தது, பறவையும் குறைந்தது. 2021 இல் 7,000 கூடத் தேறவில்லை.

போட்டிப் பட்டியலில் இது எப்படித் தெரிந்தது? தெரியவேயில்லை. 1984 இல் ரெட் நொட் ஒரு புள்ளி. 2021 இலும் ஒரு புள்ளி. கடைசிப் பறவை செத்து விழும்வரை அது ஒரு புள்ளியாகவே இருக்கும். வட அமெரிக்கா 1970 முதல் கிட்டத்தட்ட 300 கோடிப் பறவைகளை இழந்துவிட்டது என்று 2019 இல் ஆய்வாளர்கள் கணக்குச் சொன்னபோது, அவர்களுக்குக் கைகொடுத்தவை ஒவ்வொன்றாக எண்ணும் கணக்கெடுப்புகளும் வானிலை ராடரும்தான். சப்மனின் நத்தார்க் கணக்கும் அதில் ஒன்று. அதாவது, நோயைக் கண்டுபிடித்தது அலுப்பான எண்ணிக்கை. மருந்துக்குக் காசு சேர்த்துத் தந்தது குஷியான பட்டியல். ஒன்றின் வேலையை மற்றதிடம் எதிர்பார்த்தால் ஏமாந்துபோவோம்.

வேறு முறைப்பாடுகளும் உண்டு. குருவியைக் காப்பாற்ற நாள் முழுக்கப் பெற்றோல் எரிப்பது நியாயமா என்ற கேள்விக்குப் பதிலாக, பின்னாளில் கார் இல்லாமல் போட்டியிடும் பிரிவும் வந்தது. பாடசாலைப் பிள்ளைகளுக்கெனத் தனிப் பிரிவும் உண்டு. 2015 இல் கோர்னெல் ஆய்வகம் தொடங்கிய 'குளோபல் பிக் டே'யில் வருடாவருடம் இலங்கையிலிருந்தும் ஆக்கள் பட்டியல் அனுப்புகிறார்கள். அதில் சேர யாரிடமும் காசு பிரிக்கத் தேவையில்லை. எத்தனை பறவை என்று எழுதவும் அதில் இடம் இருக்கிறது.

நியூ ஜேர்சி 2008 இல் குதிரைலாட நண்டு பிடிப்பதைத் தடைசெய்தது. 2014 இன் முடிவில் ரெட் நொட்டை அச்சுறுத்தலுக்குள்ளான பறவையாக அமெரிக்க அரசு அறிவித்தது. இப்போது போட்டி நடக்கும் அதே மே மாதத்தில் அந்தக் கடற்கரைகளில் சில பகுதிகளைப் பறவைகளுக்காக மூடிவிடுகிறார்கள். இரவில் தொண்டர்கள் ரோர்ச் லைற்றோடு கரையில் நடந்து, அலை புரட்டிப் போட்ட நண்டுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி விடுகிறார்கள். எத்தனையை நிமிர்த்தினோம் என்று அவர்களும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்.