தப்பும் சின்தசைசரும்

இலங்கை மலையகத்தின் வலப்பனைத் தேயிலைத் தோட்டத் திருவிழாக்களில் முழங்கும் கருவி தப்பு. ஈரத்தில் தோல் தொய்ந்தால் தீயில் காய்ச்சி முறுக்கேற்றிவிடலாம். 1980களில் திரைப்பாடல்களோடு தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கும் வந்துசேர்ந்த சின்தசைசர் ஒலிக்கு அப்படி எளிய மருந்து கிடையாது.

அந்த ஒலி சென்னையில் பிறந்தது. இசையமைப்பாளர் ஆர்.கே.சேகர் 1976இல் மறைந்தபின், அவருடைய கருவிகளை வாடகைக்கு விட்டே குடும்பம் பிழைத்தது. அவற்றின் நடுவே வளர்ந்த மகன் ஏ.ஆர்.ரகுமான் கீபோர்டு கலைஞரானார். 1986இல் இளையராஜா ‘புன்னகை மன்னன்’ படத்துக்குக் கணினியைத் துணைகொண்டார். 1992இல் ரகுமான் இசையமைத்த ‘ரோஜா’ வந்தது.

அக்காலத்தின் உலக நாயகன், 1983இல் வெளியான யமஹா டிஎக்ஸ்7 சின்தசைசர். அதன் 32 ஒலிகளின் நினைவைக் காப்பது உள்ளே பற்றவைத்த ஒரு பட்டன் பேட்டரி. அது தீர்ந்தால் ஒலிகள் குழம்பி அழியும். பழுதுபார்ப்பவர் முதலில் ஒலிகளைக் கார்ட்ரிட்ஜில் நகலெடுப்பார். ஈயத்தை உருக்கிப் பழைய பேட்டரியை எடுத்துப் புதியதை வைப்பார். பிறகு ஒலிகளைத் திரும்ப ஏற்றுவார்.

1984இன் ரோலண்ட் ஜூனோ-106க்கு நோய் வேறு. அதன் ஆறு குரல் சிப்புகளை மூடிய பிசின் பூச்சு நாளடைவில் கெடும். ஒரு சிப்பு போனால், வரிசையாக வாசிக்கையில் ஆறில் ஒரு சுரம் ஊமையாகும். சிப்பைக் கழற்றி அசிட்டோனில் ஊறவைத்துப் பூச்சை உரித்தால் பல வேளைகளில் குரல் திரும்பிவிடும்.