குரல் ஏறிப் போக ஒரு அலை

1900 டிசம்பர் 23. அமெரிக்காவின் மேரிலாந்துல காப் தீவு. ரெஜினால்ட் ஃபெசண்டன் மைக்கில் கேட்கிறார்: அங்க பனி பெய்யுதா? 1.6 கிலோமீட்டர் தள்ளி உதவியாளருக்குக் கேட்டுச்சு. ஒரே இரைச்சல், ஆனா மனுஷக் குரல்!

அதுவரைக்கும் ரேடியோவுல போனது மோர்ஸ் புள்ளியும் கோடும்தான். குரலை ஏன் அப்படியே அனுப்பக் கூடாது? 1,000 ஹெர்ட்ஸ் குரலை நேரா ரேடியோ அலையாக்கினா அலைநீளம் 300 கிலோமீட்டர். நல்லா வீசணும்னா ஆண்டெனா அதுல கால்வாசியாவது வேணும். 75 கிலோமீட்டர்! சரி, கட்டிட்டோம்னே வைங்க. எல்லார் குரலும் ஒரே அதிர்வெண்கள்லதான் இருக்கு. ரெண்டு பேர் பேசினா சந்தைக்கடைதான்.

ஃபெசண்டன் யோசனை, வேகமா அதிர்ற ஒரு அலை ஓடிக்கிட்டே இருக்கட்டும், அதோட வீச்சைக் குரல் ஏத்தி இறக்கட்டும். இதுதான் பண்பேற்றம், நம்ம ஏஎம் ரேடியோ. முதல் சோதனையில தீப்பொறி விட்டுவிட்டு அலையை எழுப்புச்சு, அதான் அந்த இரைச்சல். நிக்காம ஓடுற அலைக்கு ஜெனரல் எலெக்ட்ரிக்கிட்ட ஆர்டர் கொடுத்தார். அலெக்ஸாண்டர்சன் ஆல்டர்னேட்டர் செஞ்சு தந்தார். 1906 டிசம்பர் 21ல மாசசூசெட்ஸின் பிராண்ட் ராக்கிலிருந்து 18 கிலோமீட்டர் தள்ளி பிளிமத்துக்குக் குரல் போச்சு. (மூணு நாள் கழிச்சு வயலின் வாசிச்ச கிறிஸ்துமஸ் கதைதான் பிரபலம். அதுக்கு அந்தக் காலத்துச் சான்று கிடைக்கல.)