குன்றக் கூறலும் திரித்துப் பெயர்த்தலும்: பொய்ச்செய்தி வரலாற்றில் மொழி எல்லை

1. முன்னுரை

சமூக ஊடகங்களில் பரவும் பொய்ச்செய்தி பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் தொழில்நுட்பத்தையோ சட்டத்தையோ சார்ந்து அமைகின்றன. மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் இத்துறையில் உள்ள பொறுப்பு போதிய அளவு பேசப்படவில்லை. பொய்ச்செய்தி என்பது எப்பொழுதும் வெறுங்கற்பனையாகப் பிறப்பதன்று. உண்மையான ஒரு மூலத்தைச் சுருக்கியும், இடம் மாற்றியும், வேறு மொழியில் பெயரிட்டும் ஆக்கப்படுவது அதன் வலிய வடிவம் ஆகும்.

தொல்காப்பிய மரபியல் வழிநூலின் வகைகளாகத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என்னும் நான்கனைக் கூறுகிறது. நூலுக்குரிய குற்றங்கள் பத்தனுள் குன்றக் கூறலையும் ஒன்றாக வைக்கிறது. தொகுத்தல் நெறி, குன்றக் கூறல் குற்றம். இவ்விரண்டற்கும் இடைப்பட்ட எல்லை எங்கு மீறப்படுகிறது என்பதை 1870, 2018, 2023 ஆகிய ஆண்டுகளின் மூன்று நிகழ்ச்சிகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

2. எம்ஸ் தந்தி (1870)

சமூக ஊடகங்கள் தோன்றுவதற்கு நூற்றாண்டுக்கும் முன்னரே, விரைவுச் செய்தித் தொடர்பு இச்சிக்கலை எழுப்பிவிட்டது. ஸ்பெயின் அரியணைக்கு ஹோகன்சொல்லர்ன் குடும்பத்து இளவரசர் ஒருவர் அமரவிருந்ததைப் பிரான்ஸ் எதிர்த்தது, அம்முயற்சி கைவிடப்பட்டது. எனினும் 1870 ஜூலை 13 அன்று பிரெஞ்சுத் தூதர் பெனெதெத்தி, எம்ஸ் நகரில் ஓய்வுக்காகத் தங்கியிருந்த பிரஷ்ய மன்னர் முதலாம் வில்ஹெல்மைச் சந்தித்து, இனி ஒருபோதும் அத்தகைய முயற்சிக்கு இசைவதில்லை என உறுதி கோரினார். மன்னர் மறுத்தார். பின்னர், இளவரசர் விலகியது பற்றிய செய்தி தமக்கும் உறுதியாகிவிட்டதால் மேலும் பேச ஒன்றுமில்லை எனத் தம் துணை அதிகாரி வாயிலாகத் தூதருக்குச் சொல்லியனுப்பினார்.

இந்நிகழ்ச்சியை அரசு அலுவலர் ஆபெக்கன் தந்தியாகப் பெர்லினுக்கு அனுப்பினார். அதனை வெளியிடலாமா என்பது பிஸ்மார்க்கின் முடிவிற்கு விடப்பட்டிருந்தது. பிஸ்மார்க் அதில் பொய்யான செய்தி எதனையும் சேர்க்கவில்லை; சுருக்கினார். மன்னர் மறுத்ததற்கான காரணமும் இடையில் நிகழ்ந்தவையும் நீங்கின. கோரிக்கையும் மறுப்பும் மட்டுமே அடுத்தடுத்து நின்றன. தூதரை மன்னர் அவமதித்துத் திருப்பியனுப்பினார் என்னும் பொருள் அதனால் தானாக எழுந்தது.

அடுத்த படி மொழிபெயர்ப்பினால் நேர்ந்தது. செருமானிய மொழியில் 'அட்யுடண்ட்' என்பது மன்னருக்கு அணுக்கமான உயர்நிலைத் துணை அதிகாரியைக் குறிக்கும். பிரெஞ்சில் அதே வடிவத்தை ஒத்த 'அத்ஜுதான்' என்பதோ அதிகாரி நிலைக்கும் கீழ்ப்பட்ட படைப்பிரிவினரைக் குறிப்பது. ஹாவாஸ் செய்தி நிறுவனத்தின் மொழிபெயர்ப்பில் பின்னைய சொல் இடம்பெற்றது. பெரியதோர் அரசின் தூதருக்குச் சிறு படைவீரன் ஒருவனைக் கொண்டு விடைகொடுத்ததாகப் பாரிஸ் மக்கள் படித்தனர். ஜூலை 19 அன்று பிரான்ஸ் போர் அறிவித்தது. போருக்கு இத்தந்தி ஒன்றே காரணம் அன்று. இரு நாடுகளிலும் போரை விரும்பியோர் இருந்தனர். எனினும் மக்கள் சினத்தை மூட்டியதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. ஆபெக்கனின் மூலம் 1892-இல் செருமானிய நாடாளுமன்றத்தில் படிக்கப்பட்ட பின்னரே இரு பாடங்களையும் ஒப்பிட்டுக் காண்பது பொதுமக்களுக்கு இயன்றது. மூலம் வெளிவர இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

3. வெட்டப்பட்ட காணொளி (2018)

எம்ஸ் தந்தியில் நிகழ்ந்த அதே குறைப்பு, 2018-இல் இந்தியாவில் காணொளி வடிவில் நிகழ்ந்தது. மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்லும் காட்சி ஒன்று வாட்ஸ்ஆப் வழியாகப் பல மாநிலங்களில் பரவியது. அது பாகிஸ்தானின் கராச்சி நகரில் குழந்தைப் பாதுகாப்பை வலியுறுத்த எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, அறிவிப்பு அட்டையைக் காட்டும் இறுதிப் பகுதி மூலத்தில் இருந்தது. பரவிய படியில் அப்பகுதி இல்லை.

குறைக்கப்பட்ட இப்படிக்கு அந்தந்த வட்டார மொழியில் விளக்கம் சேர்ந்தது. தமிழ்நாட்டில் பரவிய செய்திகள், வட இந்தியாவிலிருந்து குழந்தை கடத்தும் கும்பல் வந்துள்ளதாகக் கூறின. விளைவு கொடியது. 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குச் சென்ற வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டி ஒருவர் கும்பலால் கொல்லப்பட்டார். ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டம் ரெயின்பாடாவில், ஊர் ஊராகச் சென்று வாழும் சமூகத்தைச் சேர்ந்த ஐவர் கொல்லப்பட்டனர். ஊருக்குப் புதியவர் என்பதே ஐயத்திற்குப் போதுமானதாயிற்று.

4. திசை மாறிய அச்சம் (2023)

2023 மார்ச் முதல் வாரத்தில் இதே அமைப்பு எதிர்த்திசையில் வெளிப்பட்டது. இந்தி பேசுவதால் பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகின்றனர் என்னும் செய்தி காணொளிகளுடன் பரவியது. அவற்றுள் ஒன்று பீகார்த் தொழிலாளர்களின் இரு குழுக்களிடையே நிகழ்ந்த மோதல் என்றும், மற்றொன்று கோயம்புத்தூர் உள்ளூர்வாசிகளிடையே நிகழ்ந்தது என்றும் தமிழ்நாடு காவல்துறைத் தலைவர் விளக்கினார். வேறொரு காணொளி பட்னாவிலேயே நடிக்க வைத்துப் படம்பிடிக்கப்பட்டது எனப் பீகார் காவல்துறை தெரிவித்தது. ஆகவே முழுப் புனைவும் இதில் உண்டு. ஆயினும் இடம் பெயர்க்கப்பட்ட உண்மைக் காட்சிகளே அப்புனைவுக்கு நம்பகத்தன்மை அளித்தன எனலாம்.

இரு நிகழ்ச்சிகளையும் ஒப்பிடின் ஓர் உண்மை புலனாகிறது. 2018-இல் தமிழில் வந்த செய்தி இந்தி பேசுவோனைக் கொடியவனாக்கியது. 2023-இல் இந்தியில் வந்த செய்தி தமிழ் பேசுவோனைக் கொடியவனாக்கியது. இரண்டிலும் பெறுநர்க்குப் புரிந்த ஒரே மொழி, பொய்யைச் சேர்த்தவனின் மொழி. காட்சியில் உள்ளோர் பேசியது என்ன என்று அறிய இயலாமையே பொய்க்கு இடமளித்தது.

5. தற்காப்பு முயற்சிகள்

தொழில்நுட்ப நிலையில் சில தடைகள் ஏற்படுத்தப்பட்டன. 2018 ஜூலையில் வாட்ஸ்ஆப் நிறுவனம் பகிரப்பட்ட செய்திகளுக்கு அடையாளக் குறி இட்டது. இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மட்டுமே பகிரலாம் என வரையறுத்தது. 2020 ஏப்ரலில், பலமுறை பகிரப்பட்ட செய்தியை ஒரே உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப இயலுமாறு மாற்றியது. இவை விரைவைக் குறைப்பன. பொருளைத் திருத்துவன அல்ல.

பொருளைத் திருத்தும் முயற்சிகளும் உண்டு. 2018-இல் தெலங்கானாவின் ஜோகுலாம்பா கட்வால் மாவட்டத்தில் காவல் கண்காணிப்பாளர் ரேமா ராஜேஸ்வரி, காவலர்களைச் சிற்றூர்களுக்கு அனுப்பி மக்களுடன் பேசச் செய்தார். நாட்டுப்புறப் பாடல் வடிவில் வதந்தியை விளக்கச் செய்தார். இதற்கு மாறாக, அதே ஆண்டு ஜூன் மாதத்தில் திரிபுராவில், வதந்தியை நம்ப வேண்டா என ஒலிபெருக்கியில் அறிவிக்க அரசால் அமர்த்தப்பட்ட ஒருவரே கும்பலால் கொல்லப்பட்டார். இரு நிகழ்ச்சிகளின் வேறுபாட்டுக்கு ஒரே காரணம் கற்பிப்பது பொருந்தாது. ஆயினும் மறுப்பின் சொற்கள் மட்டும் போதா என்பதும், சொல்பவரை மக்கள் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும் என்பதும் இவற்றால் பெறப்படும். 2023-இல் திருப்பூரில் இந்தியில் அறிவிப்புகள் வெளியிடப்பட்டதும், இந்தி அறிந்தோர் உதவி எண்களில் அமர்த்தப்பட்டதும் இந்நோக்கில் பாராட்டத்தக்கன.

6. முடிவுரை

மேற்கண்டவற்றால், தொகுத்தலைக் குன்றக் கூறலிலிருந்து பிரிப்பது நீளமன்று என்பது தெளிவாகிறது. காரணத்தையும் இடத்தையும் காலத்தையும் நீக்கும் சுருக்கம், ஒரு சொல்லும் பொய்யாகாதபோதும் பொய்யுரையே ஆகும். அதனைத் திருத்தும் வழியும் மூலபாட ஆய்வினர் நன்கறிந்ததே: மூலத்தைத் தேடுதல், படிகளை ஒப்பிடுதல், விடுபட்டதைக் காட்டுதல், அதனை ஏமாற்றப்பட்டோரின் மொழியில், அவர்தம் பேச்சு வழக்கில் வழங்குதல். குரலையும் முகத்தையும் கணினியே போலி செய்யவல்ல இன்றைய நிலையில், காட்சியில் உள்ளவர் உண்மையில் பேசியது என்ன எனச் சொல்ல வல்லோரின் தேவை மிகுகிறது. இந்திய மொழிகள் பலவற்றினிடையே அத்தகையோர் விரைந்து கிடைத்தற்கான ஏற்பாடு இன்னும் போதிய அளவு உருப்பெறவில்லை. எம்ஸ் மூலத்திற்கு உலகம் இருபத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்தது. ஒரு சிற்றூர்க் கும்பல் சில மணி நேரமும் காத்திருப்பதில்லை. அந்த இடைவெளியைக் குறைப்பது மொழிபெயர்ப்பாளரின் கடமைகளுள் ஒன்றாகக் கருதத்தக்கது.