கோச்சிப் பயணத்துக்கு ஒரு பெட்டி: கண்டியிலிருந்து ஒரு சிறு வரலாறு



பாடசாலை விடுமுறை நெருங்கினால் நமது ஊர்களில் ஒரே பேச்சுத்தான். யாழ்ப்பாணம் போகிறோம், மட்டக்களப்பு போகிறோம், கோச்சியில் போக ஒரு பேக் வாங்க வேண்டும். மலிவாகவும் இருக்க வேண்டும், நாலு பயணத்துக்குத் தாங்கவும் வேண்டும். சில்லு வைத்தது நல்லதா, தோளில் மாட்டுவது நல்லதா?

கடைக்காரர் இதற்கு ஒரு பதில் சொல்வார். வரலாற்றிலும் ஒரு பதில் இருக்கிறது. கண்டியைச் சுற்றி வாழ்ந்த சாதாரண மக்கள் தூரப் பயணத்துக்குத் தமது சாமானை எதில் கட்டினார்கள் என்று தேடிப் பார்த்தால், நமது கதையும் நமது அயலவரின் கதையும் ஒரே மேடையில் வந்து நிற்கின்றன. பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

*பொதியும் மூட்டையும்*

இன்று விமான நிலையத்தில் ‘பயணப் பொதி’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் ‘பொதி’ நமக்குப் புதிய சொல் அல்ல. கண்டி இராச்சியத்தில் வண்டி ஓடும் பாதைகள் இருக்கவில்லை. காடும் கணவாயும் நாட்டுக்கு அரண் என்பதால், பாதை திறப்பதை மன்னர்கள் விரும்பவில்லை. ஆகவே சாமான் மனிதத் தோளிலும் மாட்டு முதுகிலும்தான் போய் வந்தது. மாட்டின் இரு பக்கமும் சாக்குப் பொதி தொங்க, ஒன்றன் பின் ஒன்றாக மலையேறும் அந்த வரிசைக்குத் ‘தவளம்’ என்று பெயர். கரையிலிருந்து உப்பும் கருவாடும் மேலே வந்தன. மலையிலிருந்து பாக்கும் மிளகும் கீழே போயின.

இந்தப் போக்குவரத்தைக் கவனிக்க மன்னருக்கு ‘மடிகே பத்த’ என்றொரு பிரிவு இருந்தது. அதில் பெரும் பங்கு முஸ்லிம்களுடையது. கலகெதரவுக்கு அருகில் உள்ள மடிகேயின் பெயரில் அந்த நினைவு இன்னும் இருக்கிறது. ஆகவே, பயணச் சாமானைப் பத்திரமாகக் கட்டிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது கண்டி முஸ்லிம்களின் பழைய தொழில்களில் ஒன்று. தவளக்காரருக்குத் தெரிந்த முதல் பாடம் இது: பாரம் இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கூடினால் மாடு சறுக்கும்.

1815இல் ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்தார்கள். 1820களில் ஆளுநர் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு–கண்டிப் பாதை வெட்டப்பட்டது. அதன்பின் மாட்டு வண்டி வந்தது, 1832இல் தபால் குதிரை வண்டியும் வந்தது. பொதிமாடு மெல்ல மெல்ல ஓரமாக ஒதுங்கியது.

*கோச்சி வந்தது யாருக்காக?*

1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. அதே வருடத்தில்தான் ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலையை வணிகப் பயிராக நட்டார். பாதை போட்டது நாமெல்லாம் ஊர் சுற்றிப் பார்க்க அல்ல, கோப்பிச் சாக்குகளைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்க. மாட்டு வண்டியில் நாட்கணக்கில் போன சாக்கு, கோச்சியில் ஒரே பகலில் போனது. கண்டி நிலையத்துக்குப் பக்கத்தில் நாம் பஸ் ஏறி வந்த இடத்தைக் ‘குட்ஷெட்’ என்கிறோமே, அது புகையிரதச் சரக்குக் கொட்டிலின் பெயர். சாமானுக்குக் கட்டிய இடத்தின் பெயரை மனிதர்கள் ஏறும் இடத்துக்கு வைத்துக்கொண்டோம்.

1880இல் பாதை மாத்தளைக்கும், 1885இல் நானுஓயாவுக்கும், 1924இல் பதுளைக்கும் போய்ச் சேர்ந்தது. கோப்பிச் செடியை நோய் அழித்த பின் சாக்கின் இடத்தைத் தேயிலைப் பெட்டி பிடித்தது.

அந்தத் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் ஆரம்பத்தில் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். தலையில் ஒரு துணி மூட்டை, கையில் ஒரு செம்பு, அவ்வளவுதான் சாமான். வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். பின்னர் கப்பலும் கோச்சியும் வந்தன. ஆனால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னொன்றும் வந்தது: தகர டிக்கெட். தோட்டத்தின் இலக்கம் பொறித்த சிறிய தகரத் துண்டு. அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டால், எந்தத் தோட்டத்துக்கு அனுப்ப வேண்டிய ஆள் என்று வழியில் உள்ள அதிகாரிகளுக்குத் தெரியும். செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறும். நாம் பெட்டியில் கட்டும் லேபிளை மனிதரின் கழுத்தில் கட்டினார்கள்.

*றங்குப் பெட்டி*

ஏழைக்கென்று ஒரு பெட்டி வந்தது தகரத்தில்தான். றங்குப் பெட்டி என்றும் தகரப் பெட்டி என்றும் சொல்வோம். தோல் பெட்டி துரைமாருக்கும் பெரிய முதலாளிமாருக்கும் உரியது. தகரப் பெட்டி கொஞ்சம் காசு சேர்த்தால் யாருக்கும் கிடைக்கும். மழை இறங்காது, எலி கடிக்காது, பூட்டுப் போடலாம். மூன்றாம் வகுப்பில் இருக்கை கிடைக்காவிட்டால் அதன்மேலேயே உட்காரலாம். மூடியில் பூப் போட்டு, பெயரும் ஊரும் எழுதி வைப்பார்கள். பயணம் முடிந்தால் வீட்டில் அதுதான் அலுமாரி. 10 அடிக்கு 12 அடி லயன் காம்பராவில் வேறு அலுமாரிக்கு இடம் ஏது? காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கலியாணப் புடவை எல்லாம் அதற்குள்தான். குறை ஒன்றுதான்: வெறும் பெட்டியே கனம்.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. கடல் தூரம் சுமார் 35 கிலோமீற்றர்தான். ‘போட் மெயில்’ என்று பெயர் பெற்ற அந்த வழியில், சென்னை எழும்பூரில் ஏறியவர் கோச்சி, கப்பல், மீண்டும் கோச்சி என்று மாறி மாறி இலங்கைக்கு வந்துவிடுவார். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் ஆகிய ஊர்களிலிருந்து வந்து கண்டியிலும் சுற்றுப்புற நகரங்களிலும் கடை வைத்திருந்தவர்கள் போய்வந்ததும் அந்த வழியேதான். நாகூருக்கும் ஏர்வாடிக்கும் போன நமது மூத்தவர்களின் றங்குப் பெட்டிகளும் அதே மேடைகளில்தான் இறங்கி ஏறின. தமிழ்நாட்டுக் கிராமங்களில் இலங்கை முழுவதற்குமே ‘கண்டிச் சீமை’ என்று பெயர். நமது ஊரின் பெயர் அவ்வளவு தூரம் போயிருந்தது.

*ஒப்பாரிக் கோச்சி*

சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் ஒரே சட்டத்தால் நாடற்றவரானார்கள். குடிவரவுச் சட்டமும் அதே ஆண்டில் வந்ததால் இந்திய முஸ்லிம் வியாபாரிகளின் போக்குவரத்தும் இறுகியது. அனுமதிப் பத்திரம் முடிந்தபோது கடையை ஒப்படைத்துவிட்டுப் பெட்டியோடு போனவர்களை நமது ஊர்ப் பெரியவர்கள் இன்றும் பெயர் சொல்லி நினைவுகூர்வார்கள்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும், மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று முடிவானது. பிறகு 1974இல் அவர்களையும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒப்பந்தம் எழுதி இரண்டு மாதம் முழுதாகவில்லை, டிசம்பர் 22ஆம் திகதி இரவு வீசிய புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. அதன்பின் கப்பல் தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே ஓடியது. பெயர் ‘இராமானுஜம்’.

பத்திர வேலைகளுக்கு மலையகமெங்குமிருந்து மக்கள் வந்து நின்ற இடங்களில் ஒன்று, நமது கண்டியில் உள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம். பாஸ்போட் கிடைத்ததும் குடும்பங்கள் புதிதாகப் பெட்டி வாங்கின. ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய சொத்தின் உச்சவரம்பு 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கப்படக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். மூன்று தலைமுறை உழைப்பு, சேமலாப நிதி, கைச்சங்கிலி எல்லாம் ஒரு கணக்குக்குள் அடங்க வேண்டும். மீதி வாழ்க்கை ஒரு தகரப் பெட்டிக்குள் அடங்க வேண்டும்.

ஹட்டன், நாவலப்பிட்டி, கம்பளை, மாத்தளை என்று மேடைக்கு மேடை அழுகை. போகிறவர் ஜன்னலுக்குள் இருந்து கதற, நிற்கிறவர் பெட்டியைப் பிடித்துக்கொண்டே ஓடுவார்கள். ஒரு வீட்டிலேயே அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று வந்த குடும்பங்கள் உண்டு. பேராதனைச் சந்தியும் கடுகண்ணாவையும் தாண்டி, பொல்கஹவெல வழியாகத் தலைமன்னாருக்குப் போன அந்த வண்டிக்கு மக்கள் வைத்த பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. இப்படிப் போனவர்கள் மூன்று இலட்சத்துக்கும் மேல்.

1984இல் யுத்தச் சூழலில் கப்பல் நின்றது. இந்தியப் பாஸ்போட் கையில் இருந்தும் போக வழியில்லாமல் பல்லாயிரம் பேர் இங்கேயே தங்கினார்கள். கட்டிய பெட்டியை அவிழ்ப்பதா, அப்படியே வைப்பதா என்று தெரியாமல் வருடங்கள் போயின. 2003இல் நிறைவேறிய சட்டம்தான் அவர்களுக்கும் இந்த நாட்டுப் பிரஜாவுரிமையைக் கொடுத்தது.

இதை நாம் தூர நின்று கேட்க முடியாது. தோட்டத்துக்குத் துணி மூட்டை சுமந்து போய்க் கடனுக்கு விற்றவர்கள் நமது முன்னோர். அந்த மக்களின் பெருநாளும் நமது பெருநாளும் ஒரே கடைக் கொப்பியில் எழுதப்பட்டவை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து நமது சமூகமே வெளியேற்றப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். கொண்டுவர விட்டது ஒரு பை அளவு. ஒரு வாழ்க்கையைப் பெட்டிக்குள் அடக்கச் சொன்னால் எப்படி இருக்கும் என்று நமக்கும் தெரியும்.

*சில்லு வந்த கதை*

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் வெளிநாட்டுச் சாமான் கடைகளில் நிறைந்தது. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போவோர் பெருகினார்கள். ரெக்ஸின் பேக்கும் பெரிய சூட்கேஸும் கிராமத்து வீடுகளுக்குள் வந்தன. றங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது.

பெட்டிக்குச் சில்லு பூட்டும் யோசனைக்கு அமெரிக்காவில் பேர்னாட் சடோ என்பவர் 1972இல்தான் காப்புரிமை பெற்றார். நாம் இன்று இழுத்துச் செல்லும், நிமிர்த்தி வைத்து நீண்ட கைபிடியால் இழுக்கும் வகையை 1987இல் ஒரு விமானி உருவாக்கினார். அது வழுவழுப்பான விமான நிலையத் தரைக்காகச் செய்தது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ போகிறவர் பெரும்பாலும் பொல்கஹவெலயில் இறங்கி வண்டி மாற வேண்டும். அங்கே படி ஏறி இறங்க வேண்டும். சிறிய நிலையங்களில் மேடைக்கும் வண்டிக்கும் இடையே நல்ல உயரம். உள்ளே ஒடுங்கிய நடைபாதை. அங்கெல்லாம் சில்லு உதவாது, கைதான் உதவும்.

*அப்படியானால் எதை வாங்குவது?*

இவ்வளவு வரலாற்றிலிருந்தும் எடுக்கக்கூடிய புத்தி இதுதான்.

ஒன்று, ஆளுக்கு ஒரு பை. குடும்பத்துக்கு ஒரு பெரிய சூட்கேஸ் வேண்டாம். தவளக்காரர் பாரத்தைப் பிரித்துக் கட்டியது சும்மா அல்ல. நிரப்பிய பையை நீங்களே ஒரு கையால் தூக்கித் தலைக்கு மேலே உள்ள தட்டில் வைக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் அது பெரிது.

இரண்டு, மலிவுப் பையில் முதலில் போவது துணி அல்ல, சிப்பும் கைபிடித் தையலும். கடையிலேயே சிப்பை நாலைந்து தடவை இழுத்துப் பாருங்கள். கைபிடி இரட்டைத் தையலா என்று பாருங்கள். மலிவான சில்லு முதல் பயணத்திலேயே கழன்றால் அந்தப் பையை இழுக்கவும் முடியாது, தூக்கவும் முடியாது. அதே காசுக்குச் சில்லு இல்லாத உறுதியான ட்ரவலிங் பேக் கிடைக்கும்.

மூன்று, ஜன்னல் வழியாகவும் கதவு வழியாகவும் மழை வரும். உடுப்பை ஒரு பொலித்தீன் பையில் போட்டு உள்ளே வையுங்கள். பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதிய துண்டு ஒன்று பைக்கு உள்ளேயும் இருக்கட்டும்.

நான்கு, வீட்டில் இருக்கும் பழைய பையைத் தைத்து எடுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். நகரத்தில் சப்பாத்துத் தைப்பவர்கள் சிப் மாற்றித் தருவார்கள். வீண்விரயம் நமக்கு ஆகாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நமது வீடுகளிலும் அயலவர் வீடுகளிலும் பழைய றங்குப் பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. போத்தல் பேப்பர்க்காரர் வந்தால் நிறுத்துக் கொடுத்துவிடுகிறோம். கொடுக்கும் முன் ஒரு தடவை திறந்து பாருங்கள். மூடியில் யாருடைய பெயர், எந்த ஊர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வீட்டில் உள்ள மூத்தவரிடம் கேட்டு, பிள்ளைகளைக் கொண்டு ஒரு கொப்பியில் எழுத வையுங்கள். கடுகண்ணாவையில் 2014இல் திறந்த தேசிய புகையிரத நூதனசாலையில் பழைய எஞ்சின்களைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கோச்சியில் போனவர்களின் பெட்டிகளையும், அவற்றோடு போன கதைகளையும் நாம்தான் பாதுகாக்க வேண்டும். அதைச் சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே குறைந்துகொண்டு வருகிறார்கள்.

உங்கள் பயணங்களை அல்லாஹ் இலேசாக்கி வைப்பானாக.