கிளிவெட்டி முகாமும் புகையற்ற யுகமும்

டிஜிட்டல் யுகம் புகையற்ற யுகம் என்போர் உளர். கடிதம் மின்னஞ்சலாயிற்று, பேரேடு கணினிக்குள் புகுந்தது, ஆகவே பொருளாதாரம் வளர்ந்தாலும் கரியமிலவாயு பெருகாது என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தை உரசிப் பார்க்கத் திருகோணமலை மாவட்டம் நல்லதோர் உரைகல்.

இத்துறைமுகத்தின் சரித்திரம் எரிபொருளின் சரித்திரமும் ஆகும். இரு உலகப் போர்களுக்கும் இடையே பிரித்தானியர் தம் கடற்படைக்கென இங்கே ஏறத்தாழ நூறு எண்ணெய்த் தாங்கிகளைக் கட்டினர். ஏகாதிபத்தியத்தின் எண்ணெய்க்கு இடங்கொடுத்த மாவட்டம், பின்னர் நாட்டின் மின்சாரத்துக்கும் இடங்கொடுக்கப் பணிக்கப்பட்டது.

2006ஆம் ஆண்டுப் போரில் சம்பூர் மக்கள் ஊரைவிட்டு ஓடினர். அவர்களுட் பல குடும்பங்கள் மூதூருக்குத் தெற்கே, வயல்கள் சூழ்ந்த கிளிவெட்டியின் இடைத்தங்கல் முகாமில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தன. அவர்கள் விட்டுவந்த மண்ணோ உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. அங்கேதான் இந்தியத் தேசிய அனல்மின் கழகமும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் அமைக்கத் திட்டமிட்டன. மக்கள் போராடினர். கைத்தொழில் வலயத்துக்கென ஒதுக்கப்பட்டிருந்த 818 ஏக்கர் காணி 2015இல் விடுவிக்கப்பட்டது. 2016இல் நிலக்கரித் திட்டமும் கைவிடப்பட்டது.

கணினிக்கும் இதற்கும் என்ன தொடர்பு? நீராவி எந்திரம் சிக்கனமாக ஆக, நிலக்கரிச் செலவு குறையவில்லை, பெருகிற்று என்பதை 1865இலேயே ஆங்கிலப் பொருளியலாளர் ஜெவன்ஸ் எடுத்துக்காட்டினார். கணினியும் அவ்வழியே சென்றது. ஒரு கணக்கீட்டுக்கு வேண்டிய மின்சாரம் குறைந்தது, கணக்கீடுகளோ கோடானுகோடியாயின. சர்வதேச எரிசக்தி முகமையின் மதிப்பீட்டின்படி, 2024இல் உலக மின்சாரத்தில் ஏறத்தாழ 1.5 சதவீதத்தைத் தரவு மையங்கள் உட்கொண்டன. அம்மின்சாரம் எங்கோ ஒரு மண்ணில் பிறந்தாக வேண்டும்.

இலங்கையர் ஒருவரின் பங்காக ஆண்டுக்கு வெளியேறும் கரியமிலவாயு ஏறத்தாழ ஒரு டன்; உலகச் சராசரியோ அதன் நான்கு மடங்குக்கு மேல். 2022இல் அந்நியச் செலாவணி வற்றி, நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நேர்ந்தது. எரிபொருளைப் பங்கிடக் கியூ.ஆர். குறியீடு வந்தது. அது வரிசையைச் சீர்செய்தது. இல்லாத எண்ணெயை உண்டாக்கவில்லை. அவ்வாண்டில் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. எரிந்த எண்ணெயும் குறைந்தது. புகையைக் குறைத்தது கணினியன்று, வறுமை. இத்தகைய குறைவை எந்த உழைப்பாளியும் வேண்டமாட்டான்.

2025 ஏப்ரலில், அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கு இருநாட்டுத் தலைவர்கள் கொழும்பிலிருந்து காணொளி வழியே தொடக்கவிழா நடத்தினர். நிலக்கரிக்குப் பதில் ஞாயிறு என்பது வரவேற்கத்தக்கதே. வளர்ச்சியையும் புகையையும் பிரிக்கும் வழி மின்சாரத்தின் பிறப்பிடத்தை மாற்றுவதுதான். வெயிலும் காற்றும் தரும் மின்சாரத்தை ஒழுங்குபடுத்தக் கணினி துணைபுரியும். ஆனால், அம்மின்சாரம் யாருக்கு, அம்மண் யாருடையது என்ற வினாக்களுக்கு விடையளிப்பது கணினியின் வேலையன்று. கிளிவெட்டி முகாமில் கழிந்த ஆண்டுகளை எந்த வளர்ச்சிக் கணக்கு செலவில் எழுதியிருக்கிறது?